எங்கப்பாவுக்கு நாக்கு நான்தான்

அக்கா, அந்த பெஞ்சுல உக்காராதீங்க, அதுக்கு ஒரு கால் ஆடும். இங்க வாங்க, என் பக்கத்துல. ஃபைலை மடியில வச்சுக்கங்க. கீழ வச்சா கூட்டுற அம்மா தண்ணியத் தள்ளி நனைச்சு விட்ரும். உங்க டோக்கன் என்ன, எழுபத்திரெண்டா? இப்ப நாப்பத்தொண்ணுதான் ஓடுது. அழறதுன்னா நல்லா அழுங்க, நேரம் நெறைய இருக்கு. பேரைக் கூப்புடுறப்ப மட்டும் மூக்கைச் சிந்தி முடிச்சிருங்க, ரெண்டு தடவைதான் கூப்புடுவாங்க.

ரத்த டெஸ்ட்டுக்குப் போயிருக்கிறது உங்க வீட்டுக்காரரா? கன்னத்துல புண்ணா? எங்கப்பாவுக்கும் கன்னம்தான், இடது. கல்யாண வீட்டு சமையல் மாஸ்டர் அவரு. அடுப்பு முன்னாடி நின்னா அசதி தெரியக்கூடாதுன்னு இருவது வருசம் பொகையிலைய அதே கன்னத்துல ஒதுக்கி வச்சாரு. கேன்சருக்கும் அந்த எடம் பிடிச்சுப் போச்சு, வீடு கட்டிக் குடியேறிருச்சு. அப்ப நான் ஏழாவது. இப்ப எனக்கு பதினேழு. இன்னிக்கு அஞ்சாவது வருச செக்கப். மூக்கு வழியா கேமராவ விட்டுத் தொண்டை வரைக்கும் பாப்பாங்க. அஞ்சு வருசம் தாண்டிட்டா பெரிய மேட்டைத் தாண்டின மாதிரின்னு டாக்டர் சொல்லிருக்காரு.

வழக்கமா நானும் உள்ள போவேன். இன்னிக்கு வெளிய இருன்னு கையைக் காட்டிட்டாரு. ஒரு மாசமா நாங்க பேசிக்கிறது இல்ல. பஸ்ல ஒரே சீட்டுலதான் வந்தோம், அவரு அந்தப் பக்க ஜன்னலைப் பாத்தாரு, நான் கண்டக்டரைப் பாத்தேன்.

பொழைச்சிருவாரான்னு கேக்குறீங்க. எல்லாரும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன், எனக்கு எப்படித் தெரியும்? எங்கப்பாவச் சேத்து ஆறு பேரு ஒரே நேரத்துல கரண்ட் வச்சுக்கிட்டாங்க. கரண்ட்டுன்னா மெஷினுக்கு அடியில படுக்க வச்சுக் கதிர் பாய்ச்சுறது, இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. முப்பத்துமூணு நாள். அந்த ஆறு பேருல ஒருத்தரு பாதியில வராம நின்னுட்டாரு, அவரு மறுவருசம் இல்ல. ஒருத்தரு குணமாயி, மறுபடி பொகையிலையப் போட்டு, மறுபடி வந்து, போயிட்டாரு. ஒருத்தருக்கு நோய் நெஞ்சுக்கு எறங்கி, அவரும் இல்ல. தங்கையா அண்ணன்னு ஒருத்தரு, அவருதான் கொடுமை. கேன்சரை ஜெயிச்சு மூணு வருசம் ஜம்முனு இருந்துட்டு, வண்டியில போறப்ப ஆடு குறுக்க வந்து செத்துட்டாரு. ஆட்டுக்கு ஒண்ணும் ஆகல. மிச்சம் ரெண்டு பேரு. ஒருத்தரு திருச்சுழிக்காரரு, இன்னொருத்தரு எங்கப்பா. இதுதான் எனக்குத் தெரிஞ்ச கணக்கு. உங்க வீட்டுக்காரருக்கு இப்பத்தான புண்ணு வந்துருக்கு, சீக்கிரமே கூட்டிட்டு வந்துட்டீங்க. எங்கப்பா வாய் தொறக்க முடியாமப் போற வரைக்கும் அது பல்லு குத்துதுன்னே சொல்லிட்டு இருந்தாரு.

ஆனா பொழைக்கிறதப் பத்தித்தான் எல்லாரும் கேக்குறீங்க. பொழைச்சதுக்கு அப்புறம் இருக்கிற கூத்தை யாரும் கேக்குறதில்ல. அதை நான் சொல்றேன், நீங்க தயாரா இருந்துக்கங்க.

மொதல்ல ஆப்பரேசன். கன்னத்தை வெட்டிட்டு நெஞ்சுலருந்து சதையத் திருப்பி வாய்க்குள்ள வச்சுத் தைப்பாங்க. எங்கப்பா நெஞ்சு கரடி நெஞ்சு. ஒரு மாசத்துல வாய்க்குள்ள முடி மொளைச்சிருச்சு. சத்தியமாக்கா. டார்ச் அடிச்சுப் பாத்து எங்கம்மா அழுதாங்க, நான் சிரிச்சுட்டேன், அடி வாங்கினேன். அப்புறம் கரண்ட் வச்சதுல அதெல்லாம் கொட்டிருச்சு. கரண்ட் வைக்கிறப்ப மூஞ்சி அசையாம இருக்க வலை மாதிரி ஒரு முகமூடி செஞ்சு மாட்டுவாங்க. முடிஞ்சதும் அதைக் கையிலயே குடுத்துட்டாங்க. வீட்டுக்கு எடுத்துட்டு வந்தோம். பக்கத்துல புது வீடு கட்டுனவங்க திருஷ்டிக்கு நல்லாருக்கும்னு கேட்டு வாங்கி வாசல்ல கட்டிட்டாங்க. இன்னும் தொங்குது. எங்கப்பா மூஞ்சிதான் அந்தத் தெருவையே காவல் காக்குது.

அப்புறம் மிக்ஸி. ரெண்டு ஜார் கூட வாங்கி வைங்க. இட்லி, சோறு, முட்டை, எல்லாத்தையும் அரைச்சு மூக்குக் குழாய்லதான் விடணும், கொஞ்ச நாளைக்கு. எச்சி ஊறாது. தண்ணி பாட்டிலை எல்கேஜி பையன் மாதிரி கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் திரிவாரு. கழுத்து திரும்பாது, கூப்புட்டா லாரி திரும்புற மாதிரி முழு ஆளும் திரும்பணும். காலையில வெறும் வயித்துல தைராய்டு மாத்திரை, அது ஆயுசுக்கும். முக்கியமா இன்னொண்ணு. பல்லு வலிச்சாலும் ஊர்ல இருக்கிற டாக்டருகிட்டப் புடுங்கக் கூடாது, இங்க வந்து கேட்டுட்டுத்தான். கரண்ட் வச்ச எலும்பு ஆறாது. இதை எழுதி வச்சுக்கங்க.

வாய் தொறக்கிறதுக்கு ஐஸ் குச்சி. தட்டைக் குச்சிய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிப் பல்லுக்கு நடுவுல சொருகணும், வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டணும். ஒம்போது குச்சியில ஆரம்பிச்சாரு, இப்ப பதினேழு. எனக்கு என்ன வயசோ அத்தனை குச்சி. அத்தனை குச்சிக்கும் ஐஸ் தின்னது நான். நம்ம குடும்பத்துல ஒருத்தருக்காவது கேன்சரால நல்லது நடந்துச்சேன்னு அம்மா சொல்லுவாங்க.

இதெல்லாம் சமாளிச்சிரலாம். ருசிதான் கொடுமை. கரண்ட் வச்சதுல நாக்கு செத்துப்போச்சு. தேனும் ஒண்ணு, வெளக்கெண்ணையும் ஒண்ணு. சில பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்ப வரும், சில பேருக்கு வராதுன்னாங்க. எங்கப்பா வராத பேட்ச். யோசிச்சுப் பாருங்க, சமையல் மாஸ்டருக்கு ருசி தெரியலைன்னா, செவிட்டு ஆளு கச்சேரி பண்ற மாதிரி. மூணு வருசம் சோணைமுத்து மாமாதான் வேலைய எடுத்துச் செஞ்சாரு. அப்பாகிட்ட எடுபிடியா இருந்தவரு. அப்பா சும்மா நாற்காலியில உக்காந்து காய் நறுக்குறதப் பாப்பாரு.

அப்பத்தான் நான் வந்தேன்.

எப்படின்னா, ரெண்டு வருசம் முன்னாடி பத்தாவது ரிசல்ட். கணக்குல இருவத்தெட்டு. மத்ததெல்லாம் பாஸ். ஊர்ல கேட்டா அப்பாவுக்கு முடியலைன்னு படிப்ப நிறுத்திட்டேன்னு சொல்லுவேன். உங்ககிட்ட எதுக்குப் பொய், உங்கள நான் மறுபடி பாக்கவா போறேன்? இருவத்தெட்டுதான் காரணம். மூணு நாள் போர்வைய இழுத்து மூடிப் படுத்திருந்தேன். சாப்புடல. கூடப் படிச்சவளுக லட்டு குடுக்க வந்தாளுக, தூங்குறேன்னு சொல்லச் சொல்லிட்டேன். நாலாவது நாள் இந்தாளு, எங்கப்பாதான், வந்து போர்வைய உருவுனாரு. அவரு பேச்சு கொஞ்சம் கொழகொழன்னு இருக்கும், எங்களுக்குத்தான் புரியும்.

"கனி, எனக்கு ருசி ஒண்ணும் தெரியலம்மா. வர்ற வாரம் ஒரு வேலை வந்திருக்கு. நீ வந்து நாக்கா நின்னேன்னா நான் அடுப்பு முன்னாடி நிப்பேன். இல்லைன்னா வேணாம்னு சொல்லிர்றேன்."

எனக்குப் பாவமாப் போச்சு. எந்திரிச்சு மூஞ்சி கழுவிட்டுப் போனேன்.

அன்னைக்குப் பிடிச்சது, ரெண்டு வருசம். உப்ப அவரு ஒரு அளவுக்குப் போட்டுட்டு, கரண்டியால கொஞ்சம் எடுத்து என் உள்ளங்கையில ஊத்துவாரு. நான் நக்கிப் பாக்கணும். கொறைஞ்சா காதைச் சொறியணும். கூடுனா பின்னலை முன்னாடி இழுத்துப் போடணும். சரியா இருந்தா கையைத் துப்பட்டாவுல தொடைக்கணும். வாயைத் தொறந்து சொல்லக் கூடாது. மாஸ்டருக்கு ருசி தெரியாதுன்னு வெளிய தெரிஞ்சா யாரு கூப்புடுவா? ஒரு கல்யாணத்துல பொண்ணோட பெரியப்பா பாத்துட்டு, இது என்ன பழக்கம், மொதல்ல சின்னப் பொண்ணு கையில ஊத்துறீங்கன்னு கேட்டுட்டாரு. அப்பா வாயைப் பொத்திக்கிட்டாரு. சோணைமுத்து மாமா டக்குனு, அது மாஸ்டர் வீட்டு வழக்கம், மொத ருசி கன்னிப்பொண்ணுக்கு, அப்பத்தான் பந்தி குறையாதுன்னு அடிச்சு விட்டாரு. அந்தப் பெரியப்பா என் கையில வெத்தலை பாக்கு வச்சுக் கும்பிட்டாரு. கேக்கணுமே, அருப்புக்கோட்டையச் சுத்தி இப்ப நாலு மாஸ்டருங்க இதே மாதிரி ஒரு பிள்ளையக் கூட்டிட்டு வர்றாங்க. ஒருத்தருக்குப் பொண்ணே இல்ல, மச்சினன் மகளைக் கூட்டிட்டு வர்றாரு. அதுக்கு ருசியும் தெரியாது ஒண்ணும் தெரியாது, பாயசத்தைக் குடிச்சிட்டே நிக்கும்.

நான் அப்படி இல்ல. என் நாக்கு சுத்தமான நாக்கு. ஒரு தடவதான் தப்பு. எனக்கு ஜலதோசம், ரசம் சரின்னு தொடைச்சிட்டேன். அவரு என்னமோ நெனைச்சுக்கிட்டு அண்டா ரசத்தையும் கீழ கொட்டிட்டு வேற வச்சாரு. கலர் சரியில்லையாம். எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது கலரு. மத்தபடி பெரிய மனுசத்தனமும் உண்டு. அம்மா ஒரு நாள் டீயில ரெண்டு தடவ சீனி போட்டுட்டாங்க, டம்ளரைத் தள்ளி வச்சிட்டாரு. தெரியாத நாக்குக்கு இவ்வளவு பந்தா. அம்மா என்னைப் பாத்துட்டு உள்ள போயிட்டாங்க.

சண்டை இப்பத்தான் வருது. போன மாசம் எம்பேருக்கு ஒரு ஹால் டிக்கெட் வந்துச்சு. எனக்கே தெரியாம இந்தாளு பள்ளிக்கூடத்துல போய்த் தனித்தேர்வரா எழுதிக் குடுத்துருக்காரு. ஃபாரத்துல நான்தான் கையெழுத்துப் போட்டேனாம், வேலைக்கு ஏதோ பேப்பர்னு நீட்டுனாரு, நானும் பாக்காமப் போட்டுட்டேன். கணக்குப் பரீட்சை, வர்ற திங்கக்கிழமை. எதுக்குன்னு கேட்டேன். அப்ப சொன்னாரு பாருங்க.

"எனக்கு நாக்கு வேணாம். நீ போய்க் கணக்கு எழுது."

வேணாமாம். ரெண்டு வருசம் அடுப்புப் பொகையில நின்னு, கை வெந்து, கண்ட கண்ட கறியயும் வெறும் வயித்துல நக்கிப் பாத்து அவரு பேரைக் காப்பாத்துனவ நான். சாம்பார் வாளி மாதிரி கவுத்து வச்சிட்டா ஆச்சா? அவரு தனியா நின்னா மொத பந்தியிலயே மானம் போயிரும். அது அவருக்குப் புரியலைன்னா புரிய வைக்கணும்ல?

புரிய வச்சேன். அதாவது, வைக்கப் பாத்தேன். இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல, நீங்களும் சொல்லாதீங்க.

அந்த வாரம் பாலவநத்தத்துல ஒரு காதுகுத்து. நானூறு இலை. கறிக்குழம்பு. என் கையில ஊத்துனாரு. நக்குனேன். உப்பு கொஞ்சம்தான் இருந்துச்சு, பாதிக்கும் கீழ. காதைச் சொறியணும். நான் சொறியல. அவரு மூஞ்சிய நேராப் பாத்து, துப்பட்டாவுல கையை நல்லாத் தொடைச்சேன். ரெண்டு தடவ தொடைச்சேன். அவரு என்னைப் பாத்தாரு. தண்ணி ஒரு மடக்குக் குடிச்சாரு. நான் வெளிய வந்து பந்திக்குப் பக்கத்துல தூணுல சாஞ்சு நின்னுக்கிட்டேன். யாராவது உப்பு கேக்கட்டும், மாமங்காரன் இலையத் தள்ளிட்டு எந்திரிக்கட்டும், அப்பத் தெரியும் நாக்கு வேணுமா வேணாமான்னு. நானூறு பேரு, அக்கா. எனக்கே கொஞ்சம் பயந்தான்.

ஒருத்தன் உப்பு கேக்கல. மறுசோறு வாங்கி மறுசோறு வாங்கித் தின்னானுங்க. கடைசிப் பந்தியில நான் உக்காந்து ஊத்திப் பாத்தேன். கன கச்சிதம். என் காது அரிச்சு நான் சொறிஞ்சிருந்தாக்கூட அப்படி அமைஞ்சிருக்காது.

சோணைமுத்து மாமா வேலைதான். அவருதான் ருசி பாத்துட்டு உப்பு போட்டுருக்கணும். கேட்டேன், நான் இலை பத்தலைன்னு வண்டிய எடுத்துட்டு பஜாருக்குல்ல போயிருந்தேன்னு சாதிக்கிறாரு. அவரு இலைக்கட்டோட வந்து எறங்குனத நானும்தான் பாத்தேன், அப்ப ரெண்டாவது பந்தி ஓடுது. அப்ப அதுக்கு முன்னாடியே போட்டுருப்பாரு. இல்ல யாராவது போட்டுருப்பாங்க. உப்பு தானா எறங்குமா? அன்னைக்கு வீட்டுக்கு வர்ற வரைக்கும் இந்தாளு என்னை ஒரு வார்த்தை திட்டல. அதுதான் எனக்கு ஆத்திரம். தெரியாத மாதிரியே வந்தாரு. அதுலருந்து பேசல நான்.

இருங்க, நாப்பத்தாறு கூப்புடுறாங்க. உங்களது இல்ல.

உங்களுக்கு ஒண்ணு காட்டுறேன். வருசா வருசம் நர்ஸக்கா ஒரு பேப்பரை வச்சுக்கிட்டு இவரைத் தனியா உக்கார வச்சுக் கேப்பாங்க, நான் அந்நேரம் மாத்திரை வரிசையில நிப்பேன். வைத்தியம் முடிஞ்சு ரொம்ப வருசம் ஆனவங்க எப்படி இருக்காங்கன்னு கணக்கெடுக்கிறாங்களாம். முழுங்கக் கஷ்டமா, வாய் காயுதா, ராத்திரி தூக்கம் வருதா, பொண்டாட்டிகூட எப்படின்னு வரைக்கும் இருக்காம். பழசெல்லாம் இந்த ஃபைல்ல இருக்கும். இங்கிலீஷா இருக்கும்னு நான் தொறந்ததே இல்ல. பாருங்க, தமிழ்லதான் இருக்கு. இதப் பாத்தா உங்களுக்கும் தெம்பா இருக்கும், எது எது எப்பச் சரியாகும்னு தெரிஞ்சிரும்ல.

இந்தா, மொத வருசம். வாய் உலர்தல்னு போட்டுருக்கு, அதாவது காயுறது. 'ரொம்ப'. முழுங்க, 'ரொம்ப'. வாய் தொறக்க, 'ரொம்ப'. ருசி தெரிவதில் சிரமம், 'ரொம்ப'. எல்லாமே ரொம்ப. ரெண்டாவது வருசம். முழுங்க, 'கொஞ்சம்'. பாத்தீங்களா, கொறையுது. வாய் காயுறது, அதேதான். அது போகாதுக்கா, பாட்டில் வாங்கிருங்க. ருசி, 'கொஞ்சம்'.

கொஞ்சமா?

மூணாவது வருசம். முழுங்க, கொஞ்சம். கழுத்து, நிறைய. ருசி தெரிவதில் சிரமம்.

'இல்லவே இல்லை.'

அக்கா, இதை நீங்க படிங்க. இந்த டிக்கு எந்தக் கட்டத்துல இருக்கு? மொதக் கட்டமா? மேல என்ன எழுதியிருக்கு? ம். நானும் அப்படித்தான் படிச்சேன். கீழ அவரு கையெழுத்துதான். த-னாவ இப்படிச் சுழிச்சு தவசிலிங்கம்னு வேற யாரு போடுவா? கூட வந்தவர் கையெழுத்து, அது அம்மாவோடது. அந்த வருசம் எனக்குப் பரீட்சை, அம்மாதான் கூட வந்தாங்க. தேதியப் பாருங்க. ஏப்ரல் பதினொண்ணு. என் ரிசல்ட் வந்தது மே மாசம். போர்வைய உருவுனது அதுக்கு அப்புறம்.

ஏப்ரலுக்கு அப்புறம் மே. கணக்குல இருவத்தெட்டு வாங்குனவளுக்கே இந்தக் கணக்கு வருதுக்கா.

நாலாவது வருசமும் பாத்துர்றேன். 'இல்லவே இல்லை'.

அந்த ரசம். அந்த டீ. அந்தக் காதுகுத்து. ரெண்டு தடவ தொடைச்சேனே, அவரு மூஞ்சிய நேராப் பாத்து.

இல்ல, நான் ஒண்ணும் அழல. இந்த ஃபினாயில் நாத்தம் கண்ணுல ஏறுது. நீங்க உங்க கர்ச்சீப்ப வச்சுக்கங்க, உங்களுக்கு இன்னும் நெறைய நேரம் இருக்கு. ரெண்டு வருசமாக்கா. காதைச் சொறிஞ்சு சொறிஞ்சு, பின்னலை இழுத்து இழுத்துப் போட்டு, பெரிய இவ மாதிரி நின்னேன். ஊரே கும்பிட்டுச்சு. இந்தாளு உப்பைப் பாதி போட்டுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி என் காதையே பாத்துட்டு நின்னுருக்காரு. எம்புட்டு நடிப்பு. அம்மாவும் கூட்டு. சோணைமுத்து மாமாவும் கூட்டாத்தான் இருக்கும், அவரு மூஞ்சியே அப்படி.

அந்தா வர்றாரு பாருங்க. பச்சைச் சட்டை, கழுத்துல பாட்டில். அவருதான். இருங்க, மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கிறேன். கட்டை வெரலைக் காட்டுறாரு. ஒண்ணும் இல்லையாம். அடுத்த வருசம் வந்தாப் போதுமாம். பாருங்க, சிரிக்கிறப்ப வாய் ஒரு பக்கமா இழுக்கும், அது அப்படித்தான், கோணவாயின்னு நெனைக்காதீங்க. ஃபைலை மூடிர்றேன். நீங்க பாத்ததச் சொல்லிராதீங்க.

நேரா கேண்டீனுக்குத்தான் கூட்டிட்டுப் போவாரு, செக்கப் முடிஞ்சா எப்பவும் சாம்பார் வடை. வடைய ஊற வச்சாத்தான் அவருக்கு எறங்கும். சாம்பாரை ஸ்பூன்ல எடுத்து என் கையில ஊத்தி, உப்பு எப்படின்னு பாப்பாரு. ஒரு மாசமாப் பேசாதவ கையிலயும் ஊத்துவாரு, வெக்கம் கெட்ட மனுசன். பரீட்சைய எழுதித் தொலைக்கிறேன், திங்கக்கிழமைதான. அதை அவருகிட்ட நாளைக்குச் சொல்லிக்கலாம்.

வர்றேங்க்கா. எழுபத்திரெண்டு, மறந்துராதீங்க, ரெண்டு தடவதான் கூப்புடுவாங்க. நான் போய் உப்பு பாத்துச் சொல்லணும். அந்தாளுக்குத்தான் நாக்கு இல்லையே, பாவம்.